விளக்கை அணைத்தால் வெளிச்சம் எங்கே போகிறது?

இரவு படுக்கப் போகும்போது கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு விளக்கை அணைக்கிறோம். கண் இமைப்பதற்குள் அறை இருண்டுவிடுகிறது. அதுவரை மூலை முடுக்கெல்லாம் நிறைந்திருந்த வெளிச்சம் எங்கே போனது? வெளியேறத்தான் வழியே இல்லையே! ஃபேனை நிறுத்தினால் காற்று வீசுவது நிற்கும். காற்று அறைக்குள்ளேயேதான் இருக்கும். வெளிச்சம் மட்டும் ஏன் அப்படித் தங்குவதில்லை?

சிறுபிள்ளைகள் இதைக் கேட்பார்கள். பெரியவர்கள் “அணைஞ்சு போச்சு, அவ்வளவுதான்” என்று சொல்லி முடித்துவிடுவோம். ஆனால் இது தட்டிக் கழிக்கக்கூடிய கேள்வி அல்ல. ஒளிக்கும் பொருளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு முழுவதும் இதற்குள் இருக்கிறது.

ஒளியும் துகள்களால் ஆனது என்று இன்று தெரியும். அந்தத் துகளுக்கு ஃபோட்டான் என்று பெயர். சுவர், காற்று, தலையணை, நம் உடல் எல்லாம் எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் ஆகியவற்றால் ஆனவை. இவற்றைப் பொருள்துகள்கள் என்று அழைப்போம். இரண்டு வகைக்கும் ‘துகள்’ என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். அப்படியிருக்க, ஒன்று சுவிட்சைத் தட்டியதும் மறைகிறது. மற்றொன்று ஆயிரம் ஆண்டு ஆனாலும் மறைவதில்லை. ஏன்?

ஓர் அறையைக் கணக்குப் போடுவோம்

4 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள வெற்று அறை. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சுவர்கள். நடுவில் ஒரு 9 வாட் எல்இடி பல்பு. அந்த 9 வாட்டில் ஏறத்தாழ 3 வாட் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியே வருகிறது. மீதி பல்பிலேயே சூடாகிவிடுகிறது. பல்பைத் தொட்டால் சுடுவது அதனால்தான்.

3 வாட் ஒளி என்றால் எத்தனை ஃபோட்டான்? ஒரு ஃபோட்டான் சுமக்கும் ஆற்றல் மிக மிகச் சொற்பம். ஆகவே எண்ணிக்கை பிரமாண்டமாக வருகிறது: விநாடிக்குச் சுமார் 80 ஆயிரம் கோடி கோடி. இத்தனையும் விநாடிதோறும் புதிதாகப் பிறந்து அறைக்குள் பாய்கின்றன.

பிறந்த ஃபோட்டான் நேராக ஓடிச் சுவரில் மோதும். இந்த அறைக்குள் ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் இடையே அது கடக்கும் தூரம் சராசரியாக 2.4 மீட்டர். ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் 2.4 மீட்டரைக் கடக்க 8 நானோ விநாடி போதும். ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோ விநாடி.

வெள்ளைச் சுவர் தன்மீது விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும், எல்லாவற்றையும் அல்ல. நூற்றுக்கு 80 ஃபோட்டான் திரும்புகிறது, 20 சுவரோடு முடிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு ஃபோட்டானின் ஆயுள் சராசரியாக 5 மோதல், அதாவது வெறும் 40 நானோ விநாடி. பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது ஏதாவது ஒரு கணத்தில் அறையில் உள்ள ஃபோட்டான்களை எண்ண முடிந்தால் சுமார் 32 ஆயிரம் கோடி இருக்கும். நாம் ‘அறை நிறைய வெளிச்சம்’ என்று சொல்வது இந்தக் கூட்டத்தைத்தான். விநாடிக்குப் பிறப்பதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண். பிறந்தவை எல்லாம் உடனுக்குடன் முடிந்துபோவதுதான் காரணம்.

இப்போது பல்பை அணைக்கிறோம். அது அந்தக் கணமே நின்றுவிட்டது என்று கொள்வோம். இனிப் புதிய ஃபோட்டான் இல்லை. இருக்கும் 32 ஆயிரம் கோடியும் ஒவ்வொரு மோதலுக்கும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. 10 மோதலில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக மிஞ்சும். 50 மோதலில் 45 லட்சத்துக்கு அருகே வந்து நிற்கும். ஏறத்தாழ 120 மோதல் முடிந்தால் ஒன்றுகூட இருக்காது. 120 மோதலுக்கு ஆகும் நேரம் ஒரு மைக்ரோ விநாடி. ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நம் கண்ணுக்கு இது ‘உடனே’.

அதே அறையில் காற்று மூலக்கூறுகள் சுமார் 12 லட்சம் கோடி கோடி கோடி இருக்கின்றன. அவையும் சுவரில் மோதிக்கொண்டுதான் இருக்கின்றன, ஓயாமல். ஆனால் மோதியது திரும்பி வருகிறது. எப்போதாவது ஒன்று சுவரில் ஒட்டிக்கொண்டால்கூட, அது ஒட்டிக்கொண்ட மூலக்கூறாகவே இருக்கிறது, தேடினால் கிடைக்கும். சுவருக்குள் போன ஃபோட்டானைத் தேடினால் கிடைக்காது. அது அங்கே ஒளிந்திருக்கவில்லை. இல்லாமலே போய்விட்டது.

சுவருக்குள் நடந்தது

‘இல்லாமலே போய்விட்டது’ என்பதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஃபோட்டான் சுவரில் உள்ள ஓர் எலக்ட்ரானிடம் தன் ஆற்றல் முழுவதையும் கொடுக்கிறது. கொடுத்ததோடு அதன் கதை முடிந்தது. ஆற்றலை இழந்த ‘காலி ஃபோட்டான்’ என்று எதுவும் மிஞ்சுவதில்லை. எலக்ட்ரானிடம் வந்த ஆற்றல் பக்கத்து அணுக்களின் அதிர்வாகப் பரவுகிறது. சுவர் நம்மால் உணர முடியாத அளவு சூடேறுகிறது. ஆற்றல் துளிகூட வீணாகவில்லை. அதைச் சுமந்து வந்த துகள்தான் அழிந்தது.

கதை இத்துடன் நிற்கவில்லை. சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசிக்கொண்டே இருக்கும். நம் சுவரும் வீசுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஃபோட்டான் ஒன்று தந்த ஆற்றலை வைத்து, 30 டிகிரி வெப்பநிலையில் உள்ள சுவர் ஏறத்தாழ 30 அகச்சிவப்பு ஃபோட்டான்களைப் பிறப்பிக்க முடியும். ஒன்று போய் முப்பது வந்தது. ஆற்றல் கணக்கு சரியாகவே இருக்கிறது. தலைக்கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

விளக்கணைத்த அறையில் இப்படி எத்தனை அகச்சிவப்பு ஃபோட்டான்கள் இருக்கும் என்று கணக்கிட்டால் நம்பவே முடியாத விடை வருகிறது: சுமார் 270 கோடி கோடி. விளக்கு எரிந்தபோது இருந்த வெளிச்சத் துகள்களைப் போல 80 ஆயிரம் மடங்குக்கும் மேல்! நாம் இருட்டு என்று சொல்லும் அறை ஃபோட்டான்களால் நிரம்பி வழிகிறது. நம் கண்ணுக்கு அவற்றைப் பிடிக்கும் திறன் இல்லை.

அந்த அறை 3 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் இந்த எண்ணிக்கை நூற்றுக்கு 3 வீதம் உயரும். எங்கிருந்தும் வந்து சேரவில்லை, புதிதாகப் பிறந்தவை. காற்றுப் புகாதபடி அடைத்த அறையாக இருந்தால், அதே 3 டிகிரிக்குக் காற்று மூலக்கூறு ஒன்றுகூட அதிகமாகாது. அவற்றின் வேகம் மட்டுமே கூடும்.

பெயர் நிலைத்தது, கருத்து நிலைக்கவில்லை

ஒளி சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறது என்று ஐன்ஸ்டைன் 1905இல் எழுதினார். பலரும் நம்பவில்லை. 1923இல் அமெரிக்கர் ஆர்தர் காம்ப்டன் எக்ஸ் கதிர்களை எலக்ட்ரான்கள்மேல் பாய்ச்சி, மோதலுக்குப் பின் கதிரின் ஆற்றல் குறைவதை அளந்து காட்டினார். ஒரு துகள் இன்னொரு துகளை இடித்தால் எப்படிக் குறையுமோ அப்படியே குறைந்தது. அதன் பிறகுதான் எதிர்ப்பு அடங்கியது.

1926 டிசம்பரில் வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் ‘நேச்சர்’ இதழில் ஒரு கடிதம் வெளியிட்டார். ஃபோட்டான் என்ற பெயர் உலகெங்கும் பரவியது அந்தக் கடிதத்தால்தான். ஆனால் கடிதத்தின் தலைப்பே ‘ஃபோட்டான்களின் அழியாமை’ என்ற பொருளில் அமைந்தது. ஒளித்துகள் ஓர் அணுவைப் போன்றது, அதை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறது என்பதே அவர் வாதம். வேதியியலில் ஊறியவருக்கு இது இயல்பான எண்ணம். எரித்தாலும் கரைத்தாலும் ஒரு கார்பன் அணு கார்பன் அணுவாகவே இருப்பதை வாழ்நாளெல்லாம் பார்த்தவர் அவர். எதைத் துகள் என்று அழைத்தாலும் அதுவும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார். பெயர் நிலைத்துவிட்டது, அழியாமை என்ற கருத்தை இயற்பியல் கைவிட்டது.

ஒளி அலை, பொருள் துகள் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும்: வேறுபாடு அங்கேயே முடிந்துவிடவில்லையா? இல்லை. 1927இல் டேவிசனும் ஜெர்மரும் எலக்ட்ரான் கற்றையை நிக்கல் படிகத்தின்மேல் செலுத்தினார்கள். எலக்ட்ரான்களும் ஒளியைப் போலவே அலைக்கோலத்தை வரைந்தன. 1999இல் வியன்னாவில் 60 கார்பன் அணுக்கள் பந்துபோல் கோத்த மூலக்கூறுகளும் அலையாக நடந்துகொள்வதைக் கண்டார்கள். அலைக்குணமும் துகள்குணமும் ஃபோட்டானுக்கும் உண்டு, எலக்ட்ரானுக்கும் உண்டு. இரண்டையும் பிரிக்கும் கோடு அங்கே இல்லை. அலையா துகளா என்ற கேள்வியிலிருந்து பாடத்தைத் தொடங்குவதே பிழையான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. கோடு வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, எண்ணிக்கை.

எலக்ட்ரானுக்கு ஏன் சாவில்லை?

எலக்ட்ரானிடம் மின்னூட்டம் இருக்கிறது. உலகின் மொத்த மின்னூட்டம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆகவே ஓர் எலக்ட்ரான் மறைய வேண்டுமானால் தன் மின்னூட்டத்தை வேறொரு துகளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்தத் துகள் எலக்ட்ரானைவிட நிறை குறைந்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆற்றல் கணக்கு இடிக்கும். மின்னூட்டமுள்ள துகள்களில் எலக்ட்ரானைவிட லேசானது எதுவும் கிடையாது. எனவே தனியாக விடப்பட்ட எலக்ட்ரான் அப்படியே இருக்கிறது. எப்போதாவது ஒன்றாவது சிதைகிறதா என்று இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கடியில் உள்ள போரெக்ஸினோ உணரியில் தேடிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. எலக்ட்ரானின் ஆயுள் குறைந்தது 6.6ஐப் பத்தால் 28 முறை பெருக்கினால் வரும் அளவு ஆண்டுகள் என்று 2015இல் அறிவித்தார்கள். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுதான்.

ஃபோட்டானிடம் மின்னூட்டம் இல்லை. ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டிய அடையாளம் எதுவும் அதனிடம் இல்லை. ஆற்றலையும் உந்தத்தையும் தற்சுழற்சியையும் கொடுத்துவிட்டால் போதும், மறைந்துவிடலாம். பிறப்பதும் அதே அளவு எளிது. அதற்கு நிறையே இல்லாததால், எவ்வளவு சொற்ப ஆற்றலிலும் ஒரு ஃபோட்டானை உண்டாக்க முடியும். எஃப்எம் வானொலி நிலையத்தின் ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல், பச்சை ஒளி ஃபோட்டானின் ஆற்றலில் 50 லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. நிறை இல்லாத துகள் ஓய்ந்து நிற்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பிறந்த கணத்திலிருந்து அழியும் கணம் வரை அதற்கு ஒரே வேகம்தான். ஓர் எலக்ட்ரானைப் பிடித்து வெற்றிடத்தில் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கலாம். ஃபோட்டானை அப்படி வெற்றிடத்தில் நிறுத்தி வைக்க வழியில்லை.

ஒளியிலிருந்து எலக்ட்ரானைப் புதிதாக உண்டாக்கவே முடியாதா என்றால், முடியும்; தனியாக முடியாது. கூடவே அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் பிறந்தாக வேண்டும். நிறை ஒன்றேதான், மின்னூட்டம் மட்டும் நேரெதிர். இந்த ஜோடியை உண்டாக்கத் தேவைப்படும் ஆற்றல், நம் எல்இடி பல்பின் ஃபோட்டான் ஒன்றின் ஆற்றலைப் போல நாலரை லட்சம் மடங்கு. படுக்கையறைச் சுவரில் வெளிச்சம் எலக்ட்ரானாக மாறாதது அதனால்தான்.

ஜோடியாகப் பிறப்பது ஜோடியாக அழியவும் செய்யும். பெரிய மருத்துவமனைகளில் புற்றுநோயைக் கண்டறியப் பெட் ஸ்கேன் எடுக்கிறார்கள். ஃபுளூரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சேர்த்த சர்க்கரை போன்ற மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். வேகமாக வளரும் புற்றுக்கட்டி அந்தச் சர்க்கரையை அதிகமாக இழுத்துக்கொள்ளும். ஃபுளூரின் அணு சிதையும்போது ஒரு பாசிட்ரான் வெளியே வரும். ஓரிரு மில்லிமீட்டர் போவதற்குள் அது உடம்பில் உள்ள ஓர் எலக்ட்ரானைச் சந்தித்துவிடும். இரண்டும் அழிந்து, அந்த இடத்திலிருந்து இரண்டு ஃபோட்டான்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். நோயாளியைச் சுற்றி வளையமாக உள்ள உணரிகள் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்து, இடையே கோடு போட்டு, கட்டி எங்கே இருக்கிறது என்று சொல்கின்றன. பொருள் ஒளியாக மாறுவது ஏதோ நட்சத்திரங்களில் நடக்கும் அதிசயமல்ல. அந்த மேசையில் படுத்திருப்பவரின் உடலுக்குள் அன்றாடம் நடக்கிறது.

டாக்காவிலிருந்து ஒரு கடிதம்

இரண்டாவது கோட்டைக் கண்டவர் ஒரு வங்காளி. சத்யேந்திரநாத் போஸ் அப்போது டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆசிரியர், வயது 30. 1924 ஜூன் 4 அன்று, முன்பின் அறிமுகமில்லாத ஐன்ஸ்டைனுக்குத் தன் கட்டுரையை அனுப்பினார். சூடான பொருள் வீசும் ஒளி எந்த நிறத்தில் எவ்வளவு இருக்கும் என்ற பழைய விதியை, ஒளித்துகள்களைப் புதிய முறையில் எண்ணுவதன்மூலமே அதில் வருவித்திருந்தார். ஐன்ஸ்டைன் தாமே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார்.

புதிய எண்ணல் முறை என்ன? இரண்டு பெட்டிகள், இரண்டு துகள்கள் என்று வைத்துக்கொள்வோம். துகள்களுக்கு அ, ஆ என்று தனித்தனி அடையாளம் இருந்தால் நான்கு வகையாக வைக்கலாம்: இரண்டும் முதல் பெட்டியில், இரண்டும் இரண்டாம் பெட்டியில், அ முதலிலும் ஆ இரண்டாவதிலும், ஆ முதலிலும் அ இரண்டாவதிலும். இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும் வாய்ப்பு நான்கில் இரண்டு, அதாவது பாதி.

ஃபோட்டான்களுக்கு அப்படி அடையாளம் எதுவும் கிடையாது என்றார் போஸ். கடைசி இரண்டு வகையும் வேறு வேறு அல்ல, ஒன்றேதான். அப்போது மொத்தம் மூன்று வகை. அதில் இரண்டு வகையில் ஃபோட்டான்கள் ஒன்றாக இருக்கின்றன. பாதியாக இருந்த வாய்ப்பு மூன்றில் இரண்டாக உயர்ந்துவிட்டது. எந்த விசையும் இழுக்காமலே, அடையாளம் இல்லாத ஒரே காரணத்தால் ஃபோட்டான்கள் ஒன்றோடொன்று சேரும் போக்கைப் பெறுகின்றன. ஒரே நிலையில் எத்தனை ஃபோட்டான் வேண்டுமானாலும் குவியலாம். குவியக் குவிய அடுத்தது வந்து சேரும் வாய்ப்பும் கூடுகிறது. லேசர் விளக்கு வேலை செய்வதே இந்தக் குணத்தால்தான். இப்படிச் சேரும் துகள்களுக்குப் போஸின் பெயரால் போசான் என்று பெயர்.

எலக்ட்ரான்களை அதே இரண்டு பெட்டிகளில் போட்டால் என்ன ஆகும்? அவற்றுக்கும் தனி அடையாளம் இல்லை. ஆனால் இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்கவே கூடாது என்று 1925இல் வுல்ஃப்காங் பௌலி கண்டுபிடித்தார். இதைப் பௌலி தவிர்க்கைத் தத்துவம் என்கிறோம். அப்போது மிஞ்சுவது ஒரே ஒரு வகைதான்: பெட்டிக்கு ஒன்று. இந்தக் குடும்பத்துக்கு ஃபெர்மியான் என்று பெயர். புரோட்டானும் நியூட்ரானும் இதில்தான் சேரும்.

எந்தக் குடும்பம் என்பதைத் தீர்மானிப்பது தற்சுழற்சி; ஒவ்வொரு துகளுக்கும் பிறவியிலேயே உள்ள, கூட்டவோ குறைக்கவோ முடியாத சுழல் அளவு அது. எலக்ட்ரானுக்கு அது அரை, ஃபோட்டானுக்கு ஒன்று. அரை என்றால் ஃபெர்மியான், முழு எண் என்றால் போசான். ஃபோட்டானுக்குத் தற்சுழற்சி உண்டு என்று சோதனை வழியே காட்டியவர்களில் முன்னோடிகள் சி. வி. ராமனும் எஸ். பகவந்தமும். 1931இல் கல்கத்தாவில் அதைச் செய்தார்கள்.

பந்தியில் ஓர் இலைக்கு ஒருவர்

கல்யாணப் பந்தியில் ஓர் இலைக்கு ஒருவர்தான். உள்வரிசை நிரம்பிவிட்டால் அடுத்து வருபவர் வெளிவரிசைக்குத்தான் போக வேண்டும். அணுவில் எலக்ட்ரான்கள் அமர்வதும் இப்படித்தான். சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள். உள்வரிசையில் 2 இடம், அதற்கடுத்த வரிசையில் 8 இடம். பதினோராவது எலக்ட்ரான் மூன்றாம் வரிசையில் தனியாகப் போய் உட்காருகிறது. பிடிமானம் குறைவான அந்த ஒன்றைச் சோடியம் எளிதில் விட்டுக்கொடுக்கும், குளோரின் வாங்கிக்கொள்ளும். நாம் சாப்பிடும் உப்பு அப்படித்தான் உருவாகிறது. எலக்ட்ரான்களும் ஃபோட்டான்களைப் போல ஒரே இடத்தில் குவிய முடிந்திருந்தால் 11 எலக்ட்ரானும் உள்வரிசையிலேயே நெருக்கியடித்திருக்கும். சோடியம், கார்பன், இரும்பு என்ற வேறுபாடுகள் இன்றிருப்பதுபோல் இருந்திருக்காது. வேதியியல் இல்லை, உயிரும் இல்லை.

மேசைமேல் வைத்த கை மேசைக்குள் இறங்காததற்கும் இதுவே முக்கியக் காரணம். அணுவுக்குள் பெரும்பகுதி வெற்றிடம் என்று படித்திருப்பீர்கள். கை ஏன் ஊடுருவிப் போகவில்லை என்று வியந்தும் இருப்பீர்கள். மின்விசை தள்ளுகிறது என்பது பாதி விடைதான். அணுக்களில் ஈர்க்கும் மின்னூட்டமும் சம அளவில் இருக்கிறதே! எலக்ட்ரான்களின் இடமெல்லாம் நிரம்பியிருக்கும்போது, மேலும் எலக்ட்ரான்களை அங்கே திணிக்க வேண்டுமானால் உயர்ந்த ஆற்றல் நிலைகளுக்கு அவற்றை ஏற்ற வேண்டியிருக்கும். கை அழுத்தும் அழுத்தம் அதற்குப் போதாது. பொருள் நொறுங்கிச் சுருங்காமல் நிலைத்திருப்பதற்குத் தவிர்க்கைத் தத்துவம் இன்றியமையாதது என்பதை ஃப்ரீமன் டைசனும் ஆண்ட்ரூ லெனார்டும் 1967இல் கணித முறையில் நிறுவினார்கள்.

இரண்டு டார்ச் விளக்குகளை எடுத்து, ஒன்றின் ஒளி மற்றொன்றின் ஒளியைக் குறுக்கே வெட்டும்படி சுவரில் அடித்துப் பாருங்கள். இரண்டு வட்டங்களும் எந்த மாற்றமும் இல்லாமல் விழும். வெட்டும் இடத்தில் ஒளிக்கற்றைகள் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை. மின்னூட்டமும் இல்லை, இடத் தகராறும் இல்லை; மோதிக்கொள்ள என்ன காரணம்? மிக மிக அரிதாக ஃபோட்டான்களும் ஒன்றையொன்று சிதறடிக்கும். ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஈய அணுக்கருக்களை உச்ச வேகத்தில் அருகருகே செலுத்தி, 2019இல் அதை ஐயமற உறுதிசெய்தார்கள். டார்ச் விளக்கில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

நட்சத்திரத்தைத் தாங்கும் எலக்ட்ரான்

பௌலியின் விதி அணுவோடு நிற்பதில்லை. சிரியஸ் என்ற பிரகாசமான நட்சத்திரத்துக்கு ஒரு மங்கலான துணை உண்டு. சூரியன் அளவு நிறை, பூமி அளவு உருவம். அதன் பொருளில் ஒரு கன சென்டிமீட்டர் எடுத்தால் சராசரியாக 2 டன்னுக்கு மேல் இருக்கும். எரிபொருள் தீர்ந்த இந்த ‘வெண்குள்ளன்’ தன் ஈர்ப்பிலேயே நசுங்காமல் இருப்பது எப்படி? நெருங்க மறுக்கும் எலக்ட்ரான்கள்தான் அதைத் தாங்குகின்றன என்று 1926இல் ஆர். எச். ஃபவுலர் சொன்னார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் தம் 19ஆம் வயதில் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பயணத்திலேயே ஃபவுலரின் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தார். எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்கும்போது என்ன ஆகும் என்பதையும் சேர்த்தார். தாங்கும் சக்திக்கு ஓர் எல்லை இருப்பது தெரிந்தது. சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்கு மேல் போனால் எலக்ட்ரான்களால் தாங்க முடியாது. நட்சத்திரம் மேலும் சுருங்கியே தீரும். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கோடுகள் கலையும் இடங்கள்

எண்ணிக்கை காப்பது, இடம் பங்கிடாதது என்ற இரண்டு குணங்களும் பொருளோடு எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்குமா? இல்லை என்று இரண்டு சோதனைகள் காட்டின. எனக்கு இந்த அத்தியாயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இரட்டைப்படை எண்ணிக்கையில் ஃபெர்மியான்கள் சேர்ந்த அணு, மொத்தமாகப் பார்த்தால் போசானாக நடந்துகொள்ளும். ரூபிடியம்-87 அப்படிப்பட்ட அணு. 1995இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கார்னெலும் கார்ல் வீமனும் சுமார் 2,000 ரூபிடியம் அணுக்களை, தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் ஒரு டிகிரியில் கோடியில் இரண்டு பங்குக்கும் குறைவான அளவுக்குக் குளிரவைத்தார்கள். அத்தனை அணுக்களும் ஒரே நிலையில் போய்ச் சேர்ந்தன. பொருள் ஒளியைப் போல இடத்தைப் பங்கிட்டுக்கொண்டது. போஸின் எண்ணல் முறையை அணுக்களுக்கும் நீட்டி ஐன்ஸ்டைன் 70 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கணித்திருந்தார். அணுக்களின் எண்ணிக்கை மட்டும் மாறவில்லை.

ஒளியை இப்படிக் குளிரவைத்து ஒரே நிலையில் குவிக்க முடியாது என்று நெடுங்காலம் நினைத்தார்கள். சுவரைக் குளிரவைத்தால் ஃபோட்டான்கள் கீழ்நிலையில் சேராமல் காணாமல் போய்விடும். நம் அறையில் பார்த்த அதே விஷயம். 2010இல் ஜெர்மனியின் பான் நகரில் மார்ட்டின் வைட்ஸ் குழுவினர் இதற்கு வழி கண்டார்கள். இரண்டு வளைந்த கண்ணாடிகளை மைக்ரோமீட்டர் அளவு இடைவெளியில் வைத்து நடுவே சாயக்கரைசலை நிரப்பினார்கள். சாயம் ஒரு ஃபோட்டானை விழுங்கினால் ஒன்றைத் திருப்பித் தருகிறது, முப்பதாக உடைத்துவிடுவதில்லை. எண்ணிக்கை ஏறத்தாழ நிலைத்தது. நிலைத்ததும், சாதாரண அறை வெப்பநிலையிலேயே ஃபோட்டான்கள் ஒரே நிலையில் வந்து குவிந்தன.

பிரபஞ்சத்தின் தலைக்கணக்கு

எங்கும் பரவியுள்ள மிகப் பழைய ஒளி ஒன்று உண்டு. பிரபஞ்சம் தோன்றிச் சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளில் விடுபட்டு இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஒளியில், ஒரு கன சென்டிமீட்டர் வெளிக்குச் சுமார் 411 ஃபோட்டான்கள் உள்ளன. புரோட்டானும் நியூட்ரானும் சராசரியாக நான்கு கன மீட்டருக்கு ஒன்றுதான். ஒப்பிட்டால், ஒரு பொருள்துகளுக்கு ஏறத்தாழ 160 கோடி ஃபோட்டான்கள்.

தொடக்கத்தில் பொருளும் எதிர்ப்பொருளும் ஏறக்குறைய சம அளவில் இருந்தன. பெட் ஸ்கேன் மேசையில் எலக்ட்ரானும் பாசிட்ரானும் அழிவதைப் போல அவை ஒன்றையொன்று அழித்து ஃபோட்டான்களாயின. பொருள் மட்டும் நூறு கோடியில் ஒன்று என்ற அளவில் கூடுதலாக இருந்தது. அந்த மிச்சத்தால் ஆனவைதான் எல்லா நட்சத்திரங்களும், பூமியும், நாமும். பொருள் ஏன் அந்தச் சிறிதளவு கூடுதலாக இருந்தது என்பதற்கு இயற்பியல் இன்னும் விடை கண்டுபிடிக்கவில்லை.